பூபாலனின் அறுபது நாள் லீவு

கானாறுமேட்டுக்குப் பூபாலனின் லீவு ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணி பஸ்ஸில் வந்து இறங்கியது, பூபாலன் வரவில்லை. வெள்ளை எழுத்தில் பேரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி முதலில் படி இறங்கியது, அதன் பின்னால் படுக்கைச் சுருள் இறங்கியது, ஆள் இறங்கினால் பஸ் எப்படி இடது பக்கம் சாய்ந்து நிமிருமோ அப்படிச் சாய்ந்து நிமிர்ந்தது, முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்த மண்ணில் இரண்டு பூட்ஸ் தடம் விழுந்தது, "பாத்து எறங்குப்பா" என்று சொல்லிக் கண்டக்டர் விசில் ஊதினான், பஸ் போய்விட்டது.

வந்தது லீவுதான் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இதைச் சொன்னால் என் பெண்டாட்டி மங்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்து ஆபீஸில் உட்கார்ந்து ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் ஹவில்தார் கிளார்க் முனிரத்தினம். ஆள் எது லீவு எது என்று எனக்குத் தெரியாவிட்டால் வேறு எவனுக்குத் தெரியும்? பூட்ஸ் பாலிஷும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை, வெயில் அடிக்கும்போதே முழங்காலில் ஏறுகிற ஒரு குளிர், எப்போது முடியுமோ என்கிற ஒரு பதைப்பு, இந்த மூன்றும் சேர்ந்து நின்றால் அது லீவு. ஆனால் தெரிந்து என்ன பிரயோஜனம்? தெரிந்துகொண்டே செய்தேனே, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் ஊரில் இருநூறு வீடு, அதில் நூற்றறுபது வீட்டில் பட்டாளத்தில் இருப்பவனோ இருந்தவனோ உண்டு. லீவில் வருகிறவன் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசல் ஏறக் கூடாது. ஏறினால் அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான் என்று ஒரு பயம். அதனால் ரிட்டயர் ஆன ஒருத்தன் பஸ் நிறுத்தத்தில் நின்று பெட்டியை வாங்க வேண்டும், எத்தனை நாள் என்று காதோடு ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும், அந்த வீட்டுக்கு முன்னால் நடந்து போய் வாசல் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் அந்த எண்ணை எழுத வேண்டும். எழுதிய எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காலையில் கோலம் போட்ட கையோடு வீட்டுப் பெண் ஒருத்தி அதை அழித்து ஒன்று குறைத்து எழுதுவாள். கதவில் எழுதினால்தான் லீவு வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு. எழுதாத லீவு வாங்காத தபால் மாதிரி, வந்த வழியே முழுசாகத் திரும்பிப் போய்விடும். பதினோரு வருஷமாக அந்தச் சாக்பீஸ் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அன்றைக்கும் பெட்டியின் இடது கைப்பிடியைப் பிடித்தேன். "எத்தனை நாளுடா?" என்று கேட்டேன். என் உள்ளங்கையில் அறுபது என்று ஒரு பாரம் அழுத்தியது. நடந்தேன். பின்னால் பூட்ஸ் சத்தம் வந்தது. பூபாலன் வீட்டுக் கதவைத் திருப்பி, கொட்டை எழுத்தில், ஆபீஸில் எழுதுவது போல ஆறுக்கு வால் வளைத்து, 60 என்று எழுதினேன். கை சும்மா இருந்தால்தானே! எழுதி முடித்துப் புள்ளி வைத்த பிறகுதான், அடப்பாவி, ஆள் எங்கே என்று எனக்கு உறைத்தது.

அதற்குள் பூபாலனின் பெண்டாட்டி அமுலு சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்துவிட்டாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அவரு எங்க மாமா?"

"லீவு வந்துகீதும்மா," என்றேன்.

"அவரு?"

அதற்குள் பூபாலனின் அம்மா சரோஜா அவள் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கி, வாசலில் நின்ற பூட்ஸ் தடத்தின் மேல் ஊற்றி, "வாடா கண்ணு, எவ்ளோ எளச்சிட்ட" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கூடத்து நாடாக் கட்டில் கிரீச் என்றது. நடுவில் ஒரு ஆள் அமர்ந்த பள்ளம் விழுந்தது.

சாயங்காலம் பூபாலன் போனில் பேசினான். பனிமலை உச்சியில் அவன் இருந்த போஸ்ட்டிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷம். அமுலு போனை என் கையில் திணித்துவிட்டாள், நான்தான் பேசினேன். இருபதாம் தேதி முதல் அறுபது நாள் என்று கையெழுத்தாகிவிட்டதாம், பத்தொன்பதாம் தேதி ராத்திரி பனி விழுந்து இறங்குகிற பாதை மூடிவிட்டதாம், இருபதாம் தேதி விடிந்ததும் லீவு மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனதைக் காவலுக்கு நின்றவன் பார்த்தானாம். கையெழுத்தான லீவு யாருக்காகவும் நிற்காது, அது எனக்குத் தெரியும்.

"கதவுல எழுதிட்டீங்களா மாமா?" என்று கேட்டான்.

"எழுதிட்டேன்டா."

"சரி மாமா" என்றான். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அமுலு என் வீட்டுக்கு மறுநாள் காலையில் வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், அது ஊருக்கே தெரியும். இரண்டு வருஷம் முன்னால் அவளுக்கு ஒரு பையன் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டான். ஒன்பதாம் நாள் பூபாலன் கம்பளிக் குல்லாவும் காலுறையும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான், அன்றைக்கும் பெட்டியை வாங்கிக் கதவில் எழுதினவன் நான்தான். பிள்ளையின் முகத்தை அவன் போனில் ஒரு போட்டோவில் பார்த்ததோடு சரி, அதிலும் கண் மூடியிருந்தது.

"இந்தத் தடவையாவது அவரு பாக்கணும் மாமா. உசுரோட, கண்ணைத் தொறந்துனு இருக்கச்சே பாக்கணும். அதுக்குத்தான் ஒரு வருஷமா லீவு எடுக்காம வெச்சிருந்தாரு. நீங்கதானே எழுதுனீங்க? நீங்களே அழிங்க."

நியாயந்தானே. ஈரத்துணி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தேய்த்தேன், மரத்தின் வார்னிஷ் போகும்வரை தேய்த்தேன். மறுநாள் காலையில் அதே இடத்தில், என் கையெழுத்தில், ஆறும் இல்லை சைபரும் இல்லை, 58 என்று இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன், பூட்ஸ் சத்தமும் சமர்த்தாகப் பின்னால் வந்தது. கண்டக்டர் பெட்டியைப் பார்த்தான், பெட்டிக்குப் பக்கத்தில் பார்த்தான். "போற தேதி இன்னும் வரலியே சார்," என்றான், "தேதிக்கு முன்னாடி ஏத்துனா என் வேலை போயிடும்." அவனோடு சண்டை போட்டேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை, பஸ்தான் போனது.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? ஊர் எப்போதும் செய்வதைத்தான் செய்தது. முதல் வாரம் முழுக்க ஆட்கள் வந்து கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, எப்ப வந்தே, எப்பப் போறே என்று கேட்டார்கள். பதில் வராதது யாருக்கும் குறையாகப் படவில்லை, ஏனென்றால் லீவில் வருகிற எவனுமே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, சிரித்துவிட்டு மேலே பார்ப்பான், அவ்வளவுதான். கேன்டீன் சரக்கு ஏதாவது உண்டா என்று இரண்டு பங்காளிகள் பெட்டியை ஜாடையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேலத்தெருக் கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைத்து அழைத்தார்கள், லீவு போனது, பந்தியில் ஒரு இடம் விட்டு இலை போட்டார்கள், இலையில் வைத்தது காலியானது, ரசத்துக்கு மட்டும் கை குழித்து நிற்பது போலச் சோறு குழிந்து காத்திருந்தது. வீட்டில் இரண்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த பாத்ரூம் கதவு ஒரு நாள் காலையில் நேராக நின்றது, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வந்தது, ஒழுகிய குழாய் நின்றது, இரும்பு கேட்டுக்குப் பச்சை பெயின்ட் ஏறியது. லீவில் வந்தவன் பத்தாம் நாளிலிருந்து சும்மா இருக்க மாட்டான், கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றி மாட்டுவான். லீவும் அப்படியே செய்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டு மிக்ஸியைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், அதுவும் சரியானது.

சரோஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ஆட்டுக்கால் சூப்பு, கருவாட்டுக் குழம்பு, பணியாரம்.

"இன்னாம்மா, ஆளே இல்லாம இப்படி ஆக்கிப் போடுறியே?" என்று நான் கேட்டேன்.

"அட போங்கண்ணே, அவன் வந்தாலும் இதேதான். தின்பான், படுப்பான், வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். இது தின்ன தட்டையாவது கழுவி வெக்குது."

இதைக் கேட்டு மங்காகூடச் சிரித்துவிட்டாள். அமுலு சிரிக்கவில்லை. அவள் அந்தக் கட்டில் பக்கமே போவதில்லை. கூடத்தைக் கடக்க வேண்டியிருந்தால் சுவரோடு ஒட்டிக் கடப்பாள். அவள் படுக்கிற அறை வாசலில் லீவு ஒரு நாள் வந்து நின்றதாம், குளிர் அடித்ததாம். "நீ வந்ததாலதான் அவரால வர முடியல, போ" என்று சொன்னாளாம், குளிர் அப்படியே பின்வாங்கிக் கட்டிலுக்குப் போய்விட்டதாம். அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. விரட்டினதற்கு அழுதாளா, போய்விட்டதே என்று அழுதாளா, எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். யூனிட்டுக்கு மூன்று கடிதம் எழுதினேன், தெரிந்தவன் ஒருவனைப் பிடித்து அங்கே இருக்கிற கிளார்க்கிடமே போனில் பேசினேன். "பூபாலன் லீவுல இருக்கார் சாப், வீட்டு அட்ரஸ்ல தொடர்பு கொள்ளுங்க" என்றான். பிள்ளை பிறப்புக்குப் பதினைந்து நாள் லீவு உண்டே, அதையாவது கொடுத்து இறக்குங்களேன் என்றேன். "லீவுல இருக்கறவனுக்கு எப்படி சாப் இன்னொரு லீவு போடறது? இது முடிஞ்சு வந்து ரிப்போர்ட் பண்ணட்டும், உடனே போடறேன்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன், அதே குரலில்.

இருபத்தோராம் நாள் வானம் தெளிந்து மலைக்கு ஹெலிகாப்டர் போனது. அன்று சாயங்காலம் பூபாலன் பேசினான்.

"ஆறு பேரை எறக்குனாங்க மாமா. என் பேரு லிஸ்ட்ல இல்ல. நான் ஏற்கெனவே எறங்கிட்டேன்னு இருக்குதாம். காலையில ரோல்கால்ல என் பேரைக் கூப்பிடறதில்ல. சமையல்காரன் என்னை எண்றதில்ல, பசங்க ஆளுக்கு ஒரு ரொட்டி தர்றாங்க. நான் இங்க இல்லையாம்."

"நான் ஏதாவது பண்றேன்டா," என்றேன். என்னத்தைப் பண்ண?

"விடுங்க மாமா. அது எப்படி இருக்குது, என் லீவு? நல்லா சாப்புடுதா?"

"சாப்புடுது."

"அம்மாவை நெத்திலிக் கருவாடு போடச் சொல்லுங்க. எனக்குத்தான் கெடைக்கல, அதுவாவது திங்கட்டும்."

முப்பத்திரண்டாம் நாள் பழைய விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பூச்சி தின்ற பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, ஒரு வழி கண்டுபிடித்தேன். மீதி லீவை ரத்து செய்ய, சம்பந்தப்பட்டவர் அருகிலுள்ள ராணுவ அலுவலகத்தில் நேரில் கையெழுத்திட்டால் போதும். பாதி லீவு திரும்பிப் போனாலும் அமுலுவின் தேதிக்கு அவனைக் கொண்டுவந்துவிடலாம். அமுலுவிடம் சொன்னேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது! லீவுக்குத் தானே ஒரு வெளுத்த சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள், அதுவரை அவள் அதற்கு எதுவும் செய்ததில்லை. இரண்டு டிக்கெட் எடுத்து டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் அதற்குப் பிடித்திருந்தது.

அலுவலகத்தில் இருந்தவன் மரியாதையான பிள்ளை. என்னை உட்கார வைத்தான், பக்கத்து நாற்காலியையும் இழுத்துப் போட்டான், மூன்று டீ சொன்னான். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சம்பந்தப்பட்டவர் கையெழுத்து போடணும் சார்," என்றான்.

"அவன் மலை மேல கீறான்."

"ரெக்கார்டுபடி வீட்ல இருக்கார்."

"வீட்ல இருக்கறது லீவு தம்பி!"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பாவம், உண்மையாகவே யோசித்தான். "அப்ப அதுவே போடட்டும் சார்," என்று தாளைத் திருப்பி வைத்துப் பேனாவை அதன் மேல் வைத்தான். பேனா எழுந்தது. தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது, நடுங்கியது, மறுபடி படுத்துவிட்டது. லீவின் மேல்தான் கையெழுத்து இருக்கும், லீவுக்குக் கையெழுத்து ஏது? "விதி இல்ல சார், மன்னிச்சிக்குங்க," என்றான் அவன். எனக்கு ஒருத்தன் ஞாபகம் வந்தான். எந்த ஊர்க்காரன் என்பதுகூட மறந்துவிட்டது, தங்கச்சி கல்யாணம் என்று என் மேஜை முன்னால் நின்று அழுதவன், விதி இல்லை என்று நான் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னேன், அவனுக்கு ஒரு டீ சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த நாற்காலியில் குளிர்ந்துபோய்க் கிடந்த மூன்றாவது டீயைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்ததும் அமுலு வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கட்டிலில் இருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

நாற்பதாம் நாள் காலை, கோலம் போட்டுவிட்டுக் கதவில் 21 என்று எழுதிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு வலி வந்துவிட்டது. ஆட்டோ பிடித்தோம். அமுலுவும் சரோஜாவும் பின்னால் ஏறினார்கள், நான் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன், எனக்கும் கம்பிக்கும் நடுவில் குளிர் வந்து ஒடுங்கி உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் ஒரு தாளோடு வந்து, "வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?" என்று கேட்டாள்.

அமுலு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள், உதட்டைக் கடித்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சரோஜாவைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் பக்கத்தில், பூட்ஸ் ஈரம் படிந்த தரைக்கு நேர் மேலே, ஒரு ஆள் உயரத்தில் பார்த்தாள். நாற்பது நாளில் அவள் அதை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வந்திருக்காரு," என்றாள்.

பதினொன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா யாரு, வாங்க" என்றாள். சரோஜா ஒதுங்கினாள், நானும் ஒதுங்கினேன். நர்ஸ் கை நீட்டினாள், கையை எடுத்தாள். குழந்தை நெஞ்சு உயரத்தில் வராந்தாவின் காற்றில் கிடந்தது. "தலையைத் தாங்கிப் புடிங்க சார்," என்று நர்ஸ் அதட்டினாள். துணி அசைந்தது, தலைக்குக் கீழே குழிந்தது, குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. இந்த உலகத்தில் அது முதன்முதலில் பார்த்தது யாரை என்று எனக்குத் தெரியும். நான் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன், வாட்ச்மேன்கூட வந்து என்ன சார் ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்த வாரம் போன் வந்தபோது நான்தான் எடுத்தேன். "பொண்ணுடா. ரெண்டே முக்கால் கிலோ. நல்லா கீது, கண்ணைத் தொறந்துனு பாக்குது," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், இரண்டு நிமிஷந்தானே.

அவன் சிரித்தான். அழுதானோ என்னவோ, காற்றில் சரியாகக் கேட்கவில்லை. "யாரு மாமா மொதல்ல வாங்குனது?"

"உன் லீவுதான்."

"நல்லா புடிச்சிதா?" என்று கேட்டான்.

"தலையைத் தாங்கிப் புடிச்சிதுடா."

அதற்குப் பிறகு இருந்த இருபது நாளும் அந்த வீட்டில் அமுலு சுவரோடு ஒட்டி நடக்கவில்லை. பால் கொடுத்து முடித்ததும் குழந்தையைக் கொண்டுபோய்க் கட்டிலில் அந்தப் பள்ளத்துக்குள் விடுவாள், அது பள்ளத்தோடு பள்ளமாகச் சுருண்டு தூங்கும், அழுதால் அந்தரத்தில் எழுந்து கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகப் போய் வரும், ஊர்க்காரர்கள் வழியில் நின்றால் விலகிக்கொள்வார்கள். அமுலு ரசத்துக்கு மிளகு தட்டிக்கொண்டே அதோடு பேசவும் தொடங்கினாள், இந்தா, போர்வையை இழுத்து வுடு, இந்தா, ஈ ஓட்டு என்று. நாள் ஆக ஆக லீவு இளைத்தது. குளிர் குறைந்தது, பூட்ஸ் சத்தம் செருப்புச் சத்தமாகி அப்புறம் வெறுங்கால் சத்தமானது. 5 என்று எழுதின அன்றைக்கு அது குழந்தையைத் தூக்கியபோது முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. அன்றைக்குக் காலையில் அமுலு கதவுப் பக்கம் நின்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, ஒரு நாளாவது சேத்து எழுத முடியாதா?" என்று கேட்டாள். என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியதே இதைக் கேட்கத்தான். திருப்பி அனுப்ப வேண்டும் என்று அழுதவள் அவள்தான். நான் என்ன சொல்வேன்? லீவு நீட்டிக்கவும் சம்பந்தப்பட்டவர் கையெழுத்து போட வேண்டும்.

அறுபதாம் நாள் பெட்டியை நான் தூக்கினேன். போகும்போது வீட்டுப் பெண் பெட்டிக்குள் ஏதாவது ஒன்று வைத்து அனுப்ப வேண்டும், அது வழக்கம். குழந்தை போட்டிருந்த துணிக் குல்லாவைக் கழற்றி, துவைக்காமல், அப்படியே வைத்தாள் அமுலு. பஸ் வந்தது, இடது பக்கம் கொஞ்சமாக, ஒரு பூனை ஏறினால் சாய்கிற அளவு சாய்ந்தது, போய்விட்டது. நான்கு நாள் கழித்துப் பூபாலன் பேசினான். காலை ரோல்காலில் தன் பேரைக் கூப்பிட்டார்கள் என்றான், உள்ளேன் என்று கத்தினானாம், பக்கத்தில் நின்றவன் பயந்துவிட்டானாம். பெட்டி வந்ததும் குல்லாவை எடுத்து மூஞ்சியில் வைத்துக்கொண்டானாம். "பால் வாசனை இன்னும் கீது மாமா," என்றான். பிள்ளை பிறப்பு லீவு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாதை திறக்க நாள் ஆகும், திறந்ததும் வரிசையில் பேர் இருக்கிறது என்றான்.

பாதை திறந்து, வரிசை நகர்ந்து, நடுவில் எல்லையில் என்னவோ சலசலப்பு என்று எல்லார் லீவையும் நிறுத்தி, பிறகு விட்டு, பிள்ளை பிறப்பு லீவுக்குக் கெடு தாண்டிப் போய், புது வருஷத்துக் கணக்கு லீவில் அவன் வந்து இறங்கியபோது புரட்டாசி முடிகிற சமயம். குழந்தைக்கு ஒன்பது மாதம். தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு நின்றது, கூடத்து நாடாக் கட்டிலின் அந்தப் பள்ளத்தில் விட்டால்தான் தூங்கும். நாடா தளர்ந்துவிட்டது, இழுத்துக் கட்டலாம் என்று நான் சொன்னதற்கு அமுலு விடவில்லை.

பதினொன்றரை மணி பஸ் இடது பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. இந்தத் தடவை நான் பெட்டியைத் தொடவில்லை. முதலில் ஆளைத் தொட்டேன். தோளைப் பிடித்து, கன்னத்தைப் பிடித்து, எலும்பும் சதையுமாக நிற்கிறான் என்று தெரிந்த பிறகுதான் பெட்டியை வாங்கினேன். "எத்தனை நாளுடா?" "அறுபது மாமா."

அமுலு சொம்போடு வாசலில் நின்றாள். தண்ணீர் ஊற்றும்போது பாதியைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டாள். அவன் உள்ளே போனான். கூடத்தில் குழந்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் மண்டியிட்டு, இத்தனை மாதமாக வைத்திருந்த குல்லாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, "வாடா, அப்பாகிட்ட வாடா" என்றான். குழந்தை அவனைப் பார்த்தது. பிறகு திரும்பி, கட்டிலின் பள்ளத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது, தூக்கச் சொல்லி.

"யாரைப் பாக்குது?" என்று கேட்டான் பூபாலன்.

"உங்களத்தான்," என்றாள் அமுலு.

அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்க் கட்டிலில் அந்தப் பள்ளத்துக்குள், சரியாக அதே இடத்தில் உட்கார்ந்தான். நாடா அவனுக்கென்றே தைத்தது போல ஏந்திக்கொண்டது, ஏந்தாமல் என்ன, அவனுடைய அளவுதானே. குழந்தை முகம் கோணி, மூச்சு அடைத்து, அப்பாவின் இடத்தில் யாரோ ஏறி உட்கார்ந்துவிட்டான் என்று வீறிட்டு அழுதது. அமுலு தூக்கியும் நிற்கவில்லை, சரோஜா விளையாட்டுக் காட்டியும் நிற்கவில்லை. பூபாலன் எழுந்தான். அழுகை நின்றது.

நான் கதவுக்குப் பின்னால் சாக்பீஸோடு நின்றிருந்தேன். ஊர் வழக்கம், எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினேன். அந்த அறுபது நாளும் பூபாலன் அந்தக் கட்டிலில் உட்காரவே இல்லை, பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டான்.